பிறை வடிவில் ஒரு மடிப்பு

ஆகஸ்ட் 5, திங்கள்

பெட்டிகள் வந்துவிட்டன. நான்கு மரப்பெட்டிகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளம். லியோனிலிருந்து விமானத்தில் சென்னைக்கு வந்து, சுங்கத்தில் ஆறு நாள் கிடந்து, இன்று காலை பதினொன்றேகாலுக்குப் புதுச்சேரி வந்து சேர்ந்தன. லாரி டிரைவர் சந்துக்குள் திருப்ப மாட்டேன் என்று அடம் பிடித்தார். நானும் ராயனும் முன்னால் நடந்து, வழியில் நின்ற ஸ்கூட்டர்களை ஒவ்வொன்றாக நகர்த்தி இடம் செய்து கொடுத்தோம்.

இந்தக் கண்காட்சி முடிகிறவரை எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அலுவலகப் பதிவேடு வேறு, இது வேறு. பதினொரு வருடமாக இந்த அருங்காட்சியகத்தில் பதிவாளராக இருக்கிறேன், ஒப்பந்தத்தில். எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் அதன் நிலையைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இதுவரை உள்ளூர்ச் சரக்குதான்: நாணயம், மரச்சிற்பம், பழைய கல்யாணப் புகைப்படங்கள். வெளிநாட்டு இரவல் இதுதான் முதல் தடவை. ஐம்பத்தெட்டு அச்சுப் படங்கள், 1962 முதல் 1994 வரை அச்சானவை. பாப் கலை என்கிறார்கள். லியோனில் உள்ள ஓர் அறக்கட்டளை அனுப்பியிருக்கிறது. செப்டம்பர் 6 திறப்பு விழா.

வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். கை இன்னும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பெட்டிகளைத் திறக்கக் கூடாது. நாற்பத்தெட்டு மணி நேரம் நம் ஊர்க் காற்றுக்கும் சூட்டுக்கும் பழக வேண்டும். தாள் சட்டென்று ஈரக்காற்றைக் குடித்தால் அலை அலையாக எழும்பிவிடும்.

"இன்னா மேடம் இது, புதுப்பொண்ணு மாதிரி ரெண்டு நாளு ரூமுக்குள்ளயே உக்கார வெச்சிருக்கீங்க?" என்றார் ராயன்.

"ஆமா. நாளைக்கழிச்சுதான் முகத்தத் தொறக்கணும்."

முழுப்பெயர் பாவாடைராயன். படங்களைத் தூக்குவது, மாட்டுவது, இறக்குவது எல்லாம் அவர்தான். ஏஜென்சி வழியாக வந்தவர். ஆறு வருடமாக எங்களோடு இருக்கிறார். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தொன்பது ஐம்பது. வைத்திக்குப்பத்தில் வீடு. கண்ணாடிச் சட்டத்தை இவர் தூக்கினால் நான் மூச்சு விடுவேன், வேறு யார் தூக்கினாலும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மூன்று பெட்டிகள் முடிந்தன. நாற்பத்திரண்டு படங்கள். கண் எரிகிறது, மனசு மட்டும் துள்ளுகிறது.

வேலை இப்படி. படங்கள் சட்டம் இல்லாமல் அட்டை உறைகளில் வந்திருக்கின்றன. உறையைத் திறந்து, தாளைக் கண்ணால் பார்த்து, பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடிக்க வேண்டும். நேராகப் பார்த்தால் தெரியாத சுருக்கமும் பள்ளமும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். பிறகு இரண்டு பேருமாகத் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்க்க வேண்டும். இருந்ததை இருந்தபடி எழுத வேண்டும்.

என்ன படங்கள்! ஒரு வாய் மட்டும், சுவர் அகலத்துக்கு, லிப்ஸ்டிக்கோடு. ஒன்பது சோப்புக் கட்டிகள், ஒன்பது நிறத்தில். பெட்ரோல் பங்கில் தன்னந்தனியாக நிற்கும் ஒரு குழாய். கறுப்பும் மஞ்சளுமாக ஒரு தொலைபேசி. ரிசீவர் தொங்குகிறது, யாரோ பாதிப் பேச்சில் எழுந்து போன மாதிரி.

"இத நம்ம பெயின்ட் கடைக்காரரு பாத்தா, இதுக்கு எத்தன டப்பா ஆவும்னுதான் கேப்பாரு" என்றார் ராயன். சோப்புக் கட்டிகளுக்கு முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றார். "அந்தப் பச்சைய பாருங்க மேடம். ஓரத்துல ஒரு மசிவு கெடயாது."

ஆகஸ்ட் 9, வெள்ளி

சந்தோஷமான நாள்.

கடைசிப் பெட்டியில் இருந்தபோது, மூன்றரை மணி இருக்கும், துறை அலுவலகத்திலிருந்து கிருபாகரன் போன் செய்தார். என் பணி நிரந்தரக் கோப்பில் செயலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். ஆணை அச்சாகி வர வேண்டியதுதான் பாக்கி. பதினொரு வருடம்! உடனே வீட்டுக்காரருக்கு அடித்தேன். பள்ளியில் விளையாட்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். விசில் சத்தத்துக்கு நடுவே "கேக்கல, கேக்கல" என்றார். மறுபடி அடித்தேன். ராயனிடமும் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம் மேடம். கொஞ்சம் உக்காருங்களேன், அப்புறமா செய்யலாம்" என்றார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

மீதிப் பதினாறு படங்களும் முடிந்தன. குறை ஒன்றும் இல்லை. ஐம்பத்தெட்டு நிலை அறிக்கைகளும் கையெழுத்தாகி ஐந்து மணிக்கே லியோனுக்குப் போய்விட்டன.

வரும் வழியில் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். கோயிலுக்குப் போகலாம் என்றார் இவர். ஆணை கைக்கு வரட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சட்டம் போடும் வேலை தொடங்கியது. மதியம் ராயன் கூப்பிட்டார். "மேடம், இதப் பாருங்க."

நீல மின்விசிறி. 1971இல் அச்சான திரை அச்சு, ஸ்கிரீன் பிரிண்ட். மேசை விசிறி ஒன்று வெள்ளைக் கோடுகளில். மற்ற இடமெல்லாம் ஒரே அடர்நீலம், அகலம் ஒரு மீட்டருக்கு மேல். இடது மேல் மூலையிலிருந்து நான்கு விரல் தள்ளி, பிறை வடிவில் ஒரு மடிப்பு. நகத்தின் அளவு. அந்த இடத்தில் நீல மசி விண்டு, தாளின் வெள்ளை கீற்றாகத் தெரிகிறது.

பெரிய தாளை ஒரு மூலையில் மட்டும் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினால் இப்படி விழும். தாளின் கனம் அந்த விரலைச் சுற்றி மடியும்.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். நிமிர்ந்தபோது ராயன் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இயக்குநர் ரெஜினால்ட் சார் ராயனையும் என்னையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்; என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வந்தப்ப நல்லா இருந்ததுன்னு நீங்க எழுதியிருக்கீங்க. அப்ப இங்க வந்துதான் ஆகியிருக்கு. கரெக்டா?"

"ஆமா சார்."

"தொட்டது நீங்க ரெண்டு பேர்தான்."

"ஆமா சார்."

"நீங்க பண்ணியிருக்க மாட்டீங்க." கேள்வியாகக் கேட்கவில்லை, சொன்னார். "ராயன் கைலதான் ஆயிருக்கணும். இல்லையா?"

"எனக்குத் தெரியல சார்" என்றேன்.

கூடத்தில் செக்யூரிட்டி, துப்புரவுப் பெண்கள், மின்வேலைக்காரர் எல்லோரும் இருந்தார்கள். சார் அங்கேயே வைத்து, நாளையிலிருந்து வர வேண்டாம், ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டேன் என்றார். ராயன் கையுறையைக் கழற்றி மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். அவரே எதுவும் பேசாதபோது நான் என்ன சொல்ல முடியும்?

நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. இதைக் குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். நாளை எங்கள் ஊருக்கு மட்டும் இன்னொரு விடுமுறை, பிரெஞ்சு ஆட்சி சட்டப்படி முடிந்த நாள். வீட்டில் பீரோவைப் பிரித்து அடுக்கினேன். பட்டுப்புடவை ஒன்றில் பூஞ்சணம் வந்திருக்கிறது. நிழலில் உலர்த்தினேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஏஜென்சி புது ஆளை அனுப்பியிருக்கிறது. நல்லவர்தான். ஆனால் சட்டத்தைக் கதவு தூக்குவது போலத் தூக்குகிறார். மூன்று தடவை "அய்யோ" என்று கத்திவிட்டேன். பெயர்ப்பலகை வாசகங்களை மூன்று மொழியிலும் சரிபார்த்தேன். சோப்புக் கட்டிகளுக்கான தமிழ் வாசகத்தில் 'மசி' என்பது 'பசி' என்று அச்சாகியிருந்தது.

லியோனுக்கு இன்னும் யாரும் எழுதவில்லை. திறப்பு முடிந்து எழுதலாம் என்கிறார் சார். மின்விசிறி உறைக்குள் இருக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், பழைய சுவரொட்டித் தாள்களில் ஏறக்குறைய அதே கனம், அதே அளவில் ஐந்து எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். இரண்டு கையால் தூக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. அடியில் அட்டை கொடுத்துத் தூக்கினேன், ராயன் எப்போதும் செய்வது போல. ஒன்றும் ஆகவில்லை. இடது கையால் மட்டும் மூலையில் பிடித்துத் தூக்கினேன். பிறை விழுந்தது. மூலையிலிருந்து நான்கு விரல் தள்ளி.

இதனால் எதுவும் நிரூபணம் ஆகிவிடவில்லை. யார் தூக்கினாலும் அங்கேதான் விழும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையில் இட்லி ஊற்றும்போது கை நின்றுவிட்டது. மாவு அடுப்பில் வழிந்தது. இதற்கு மேல் என்னால் முடியாது. நடந்ததை எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி, வலது கையில் போன் இருந்தது. இவர் "கேக்கல, கேக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீல மின்விசிறியின் உறை மேசைமேல் திறந்திருந்தது. பின்பக்கம் பார்க்க வேண்டும். ராயன் பெட்டிப் பக்கம் குனிந்து அடுத்த உறையை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று இடது கையால் மூலையைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு மீட்டர் தாள், ஒற்றைக் கையில். தாள் தொய்ந்தது. டப்பென்று சின்னதாக ஒரு சத்தம், அப்பளம் முனை ஒடிவது போல.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. இந்தப் பதினொரு நாளும் கேட்காதது போல இருந்தேன்.

தாளைக் கீழே வைத்து உறையை மூடினேன். 'குறை இல்லை' என்று எழுதினேன். அதற்குப் பிறகு இருந்த பதினொரு படங்களையும் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்கவே இல்லை. உறையைத் திறந்தேன், மூடினேன், கையெழுத்துப் போட்டேன். மனசு முழுக்க அந்தக் கோப்புதான் இருந்தது.

துக்கத்தில் செய்த தவறு என்றால்கூட யாராவது பரிதாபப்படுவார்கள். நான் சந்தோஷத்தில் செய்தேன்.

எழுதிவிட்டேன். எழுதினால் போதாது.

ஆகஸ்ட் 21, புதன்

அரை நாள் விடுப்புப் போட்டு வைத்திக்குப்பம் போனேன். ராயன் பக்கத்து வீட்டு இரும்புக் கேட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி செண்பகம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

நின்றபடியே சொன்னேன். "அந்த மடிப்ப பண்ணது நான்தான். போன் பேசிக்கிட்டே ஒரு கையால தூக்கிட்டேன்."

பிரஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார். "தெரியும் மேடம்."

"தெரியுமா?"

"திரும்பிட்டேன்ல. பாத்தேன்."

கேட்டின் ஈர வண்ணத்தில் கையை ஊன்றிவிட்டேன். "அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? ஏஜென்சி ஆளு, பதிவாளர் மேடம் மேல பழி போடறான்னு சொல்லுவாங்க." கொஞ்ச நேரம் வண்ணம் அடித்தார். "அதுவும் இல்ல. நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். உங்களக் கூப்ட்டுக் காட்டுனதே அதுக்குத்தான். அப்பவும் சொல்லல. மறுநாளு சார் கேட்டப்ப, சரி இப்ப சொல்லிடுவாங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன். 'எனக்குத் தெரியல'ன்னீங்க பாருங்க, அப்பதான் கையுறைய கழட்டுனேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் பிரஷை மறுபடி டப்பாவில் முக்கினார்.

"நாளைக்கு சார்கிட்ட சொல்லப் போறேன். நீங்க திரும்பி வரணும்."

"நீங்க சொல்றத சொல்லுங்க. நான் வர்றத அப்புறம் பாப்போம்."

உள்ளங்கையில் பச்சை வண்ணம். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், முழுதும் போகவில்லை. இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தார். பிறகு, "நான் அன்னைக்கு போன எடுக்காம இருந்திருக்கலாம்" என்றார். பழியைப் பங்கு போட்டுக்கொள்ளப் பார்க்கிற மனுஷன். விடவில்லை. "இல்ல, அது என் கை" என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

சாரிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தினார்.

"தமயந்தி, மூணு வருஷமா உங்க ஃபைல தூக்கிக்கிட்டு ஒவ்வொரு மேசையா அலைஞ்சவன் நான். தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஆணை இன்னும் கைக்கு வரல. நாலு வரி எழுதினா திரும்பப் போயிடும். திறப்பு விழா முடியட்டும். ஆர்டர் வரட்டும். ராயன வேற எடத்துல சேத்து விடறேன், என் பொறுப்பு. லியோனுக்கு, வந்தப்பவே இருந்திருக்கலாம், கவனிக்கலன்னு எழுதிக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொன்னார். அதனால்தான் எழுந்து வருவது கஷ்டமாக இருந்தது.

"சார், அந்த அறிக்கைல பன்னண்டு படத்துக்கு நான் பொய்யா கையெழுத்துப் போட்டிருக்கேன். அத வெச்சுத்தான் ஒருத்தர வெளிய அனுப்பினோம். நாளைக்கு லியோனுக்கு நானே எழுதறேன். உங்களுக்கு ஒரு நகல் வெக்கிறேன்."

"எல்லாத்தையும் திருப்பி அனுப்புன்னு சொல்லிட்டாங்கன்னா? ஐம்பத்தெட்டும்?"

"அனுப்பணும் சார்."

சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்து எழுதினேன். ஏழு தடவை திருத்தினேன். ஒவ்வொரு திருத்தத்திலும் என்னையறியாமல் ஒரு சமாதானம் நுழைந்தது: வேலைப்பளு, வெக்கை, ஆள் பற்றாக்குறை. ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் ஒன்பது வரி நின்றது. படம் எது, என்ன ஆனது, யார் செய்தது, எப்படி, எத்தனை படங்களின் அறிக்கை நம்பத்தகாதது. மடிப்பின் புகைப்படங்கள் ஆறு. காலை 10.40க்கு அனுப்பினேன்.

பிறகு புது ஆளோடு சேர்ந்து சுவரில் உயரம் குறித்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

பதில் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை யார் அனுப்புவார்கள். மீன் வாங்கினேன், உப்பு போட மறந்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

லியோனிலிருந்து மதாம் மர்ஷால் எழுதியிருக்கிறார். அறக்கட்டளையின் சேகரிப்பைக் கவனிப்பவர். நேரில் பார்த்ததில்லை, கடிதம் வழியாக மட்டும் பழக்கம். எப்போதும் வானிலை விசாரித்துத் தொடங்குவார். இந்தத் தடவை அது இல்லை.

நீல மின்விசிறியை மாட்டக் கூடாது, அழுத்திச் சரிசெய்யவும் கூடாது, உறையில் தட்டையாக வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மற்ற ஐம்பத்தேழையும் முதலிலிருந்து பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, புகைப்படங்களோடு சனிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். இரண்டாவது நபர் காகிதத்தைக் கையாளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் கண்காட்சி உண்டா இல்லையா என்று சொல்வார்களாம்.

கடைசியில் ஒரு வரி: 'நீங்களே எழுதியதற்கு நன்றி சொல்கிறேன்; ஆனால் அதனால் மடிப்பு சிறிதாகிவிடவில்லை.'

சரியாகத்தான் சொல்கிறார்.

காகிதத்தைக் கையாளத் தெரிந்தவர் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். சாரும் நானும் காரில் வைத்திக்குப்பம் போனோம். தெருவில் கார் நுழையாததால் சார் இறங்கி நடந்தார். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"ராயன், தப்பு எங்க மேல. நாளைக்கு வந்துடுங்க" என்றார் சார்.

ராயன் எழுந்து நின்றார். மரியாதையாகத்தான் பேசினார். "சார், அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் போகச் சொன்னீங்க. அதே மாதிரி எல்லாரு முன்னாலயும் வரச் சொல்லுங்க. வர்றேன்."

சார் என்னைப் பார்த்தார். பிறகு, "காலைல ஒன்பது மணி" என்றார்.

"ஏஜென்சிக்கும் எழுத்துல வேணும்."

"தர்றேன்."

ஆகஸ்ட் 28, புதன்

ஒன்பது மணிக்குக் கூடத்தில் எல்லோரும் நின்றோம். சார் இரண்டே வாக்கியம் சொன்னார். மூன்றாவதை நான் சொன்னேன்: படத்தை மடித்தது நான், ராயன் இல்லை. துப்புரவு செய்யும் அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஒன்பதே காலுக்கு வேலையைத் தொடங்கினோம். என் போனை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டேன்.

சட்டம் போட்டிருந்த பதினெட்டையும் முதலில் பிரித்தோம். பதினாறு படங்கள் முடிந்தன. ராயன் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. "தூக்கலாமா." "தூக்கலாம்." "கீழ." அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பதினேழு. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஐம்பத்தேழில் முப்பத்துமூன்று.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பதினான்கு. நான் முன்பு பார்க்காமல் கையெழுத்திட்ட பதினொன்றும் இன்றைக்கு வந்தன. ஒன்றின் பின்பக்கம் பழைய ஒட்டுநாடாவின் மஞ்சள் தழும்பு. இன்னொன்றில் தாளின் கீழ் ஓரத்தில் பூச்சி அரித்த துளை, குண்டூசி முனை அளவு. அதை ராயன்தான் பார்த்தார்.

"இது பழசு மேடம். ஓரமெல்லாம் மங்கிப் போயிருக்கு. இப்ப ஆனதுன்னா பளிச்சுனு இருக்கும்."

"எழுதிக்கிறேன். 'பழையது என்று தோன்றுகிறது.'"

"தோணுதுன்னு எழுதாதீங்க. போட்டோ புடிச்சு அனுப்புங்க. அவங்க சொல்லட்டும்."

அப்படியே செய்தேன். இந்த இரண்டும் அன்று என் கண்ணில் படாமல் போனவை. திரும்பிப் போகும்போது கண்டுபிடித்திருந்தால், இதற்கும் ராயன் பெயர்தான் அடிபட்டிருக்கும். அதை அவரும் யோசித்திருப்பார்.

ஆகஸ்ட் 31, சனி

மீதிப் பத்து முடிய மதியம் இரண்டு மணி. ஐம்பத்தேழு அறிக்கைகள், இருநூற்று எண்பது புகைப்படங்கள். அனுப்பியாகிவிட்டது. ராயன் ஒவ்வொரு அறிக்கையிலும் தமிழில் கையெழுத்திட்டார். நாற்பதாவது கையெழுத்துக்கு மேல் பாவாடைராயன் வெறும் 'பாவா' ஆகிவிட்டது. "முழுசா போடுங்க" என்றேன். "கை விட்டுப் போச்சு மேடம்" என்று முதல்முறையாகச் சிரித்தார்.

செப்டம்பர் 2, திங்கள்

அனுமதி வந்துவிட்டது! தழும்பும் துளையும் அவர்கள் பதிவிலேயே பத்து வருடம் முன்பு குறிக்கப்பட்டிருக்கின்றன. மாட்ட நான்கு நாள்தான் இருக்கிறது. எழுத நேரமில்லை.

செப்டம்பர் 4, புதன்

மின்விசிறிக்கென்று ஒதுக்கியிருந்த சுவரை வெறுமையாக விடலாம் என்று நினைத்தேன். அது ஒரு நேர்மை என்று பட்டது.

"பல்லு விழுந்த மாதிரி இருக்கு மேடம்" என்றார் ராயன். "வர்றவங்க படம் பாக்கத்தான் வர்றாங்க. நம்ம கதையயா பாக்க வர்றாங்க? ரெண்டு பக்கமும் நகத்திடலாம்."

நகர்த்தினோம். எட்டு ஆணி புதிதாக அடிக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 6, வெள்ளி

திறப்பு விழா. மேடையில் அரைமணி பேச்சு, கூட்டத்தில் பாதிப் பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்ததும் கல்லூரிப் பெண்கள் ஓடிப் போய் அந்தப் பெரிய வாய்க்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சோப்புக் கட்டிகளைப் பார்த்து, "இதுல என்ன இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டார். ராயன் பக்கத்தில் போய், "ஓரத்த பாருங்க சார், மசிவே இல்ல. ஒம்போது தடவ ஒம்போது நெறம், ஒரு தடவ கூட கை தவறல" என்றார். பெரியவர் குனிந்து பார்த்தார். பத்து நிமிடம் கழித்தும் அங்கேயே இருந்தார்.

செப்டம்பர் 18, புதன்

கோப்பு திரும்பி வந்துவிட்டது. 'அறிக்கையில் தவறான பதிவு. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபரிசீலனை.' சார் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒப்பந்தம் தொடரும், அது மட்டும் அவரால் முடிந்ததாம்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஐந்து நிமிடம். முகம் கழுவிக்கொண்டு வந்து ஈரப்பத அளவைக் குறித்தேன்: ஐம்பத்துநான்கு. சரியாக இருக்கிறது.

இவர் இன்று மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். "எதுக்கு?" என்றேன். "சும்மா, சாப்பிடறதுக்கு" என்றார்.

அக்டோபர் 3, வியாழன்

மழை. மாடியில் ஒழுகல், கூடத்தில் இல்லை. வாளி வைத்தோம். இன்று மட்டும் நானூற்றுப் பத்துப் பேர், இரண்டு பள்ளிகள்.

அக்டோபர் 27, ஞாயிறு

கடைசி நாள். மூடும் நேரத்தில் சார் வந்து கூடத்தை ஒருமுறை சுற்றினார். என்னிடம், "நீங்க அன்னைக்கே எழுதலன்னா, அப்புறம் நான் எழுத விட்டிருக்க மாட்டேன்" என்றார். மன்னிப்பா, குறையா தெரியவில்லை. தலையாட்டினேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

படங்களை இறக்குகிறோம். தெருவெல்லாம் தீபாவளிக் கூட்டம். ராயன் பாதி நாள் கேட்டார், பேத்திக்குச் சட்டை எடுக்க. அவர் இல்லாமல் நான் ஒரு தாளையும் தொடவில்லை. பெயர்ப்பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

நான்கு பெட்டிகளும் தயார். ஐம்பத்தேழு படங்களுக்கும் வெளிச்செல்லும் அறிக்கை, இரண்டிரண்டு கையெழுத்தோடு. எந்த மாற்றமும் இல்லை, ஒன்றில்கூட.

கடைசியாக மீந்தது நீல மின்விசிறியின் அறிக்கை. இந்தத் தாள் மற்றவற்றைப் போல எங்கள் கோப்பில் கிடந்து மக்குவது இல்லை. படத்தின் வரலாற்றோடு சேரும். அந்தப் படம் எந்த ஊருக்குப் போனாலும், யார் வாங்கினாலும், அதைத் திறக்கிறவர் முதலில் இதைத்தான் படிப்பார். இன்னும் நூறு வருடம் கழித்தும்.

சேதத்தின் காரணம் என்று ஒரு கட்டம். சாதாரணமாக 'கையாளும்போது' என்று மட்டும் எழுதுவார்கள். அதுவே போதும் என்று மதாம் மர்ஷாலும் எழுதியிருந்தார். வெளியே லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

எழுதினேன். ராயன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா எழுதியிருக்கீங்க மேடம்? படிங்க."

பிரெஞ்சில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன். "புதுச்சேரி, ஆகஸ்ட் ஒன்பது. பதிவாளர் தமயந்தி சற்குணம் ஒரு கையால் தூக்கியதால் ஏற்பட்ட மடிப்பு. உடனிருந்தவர் பாவாடைராயன், அவர் இதற்குப் பொறுப்பல்ல."

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். விரலால் காட்டினேன். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார்.

"சரி" என்றார். "கையெழுத்தப் போடுங்க. வண்டி நிக்குது."